48 அடிக் கோபுரம் 15 மீட்டருக்குள் அடங்குமா?

ரொறன்ரோ பெரும்பாகத்தில் வசிக்கும் 58 வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கக் கடிதமும், கையால் வரைந்த ஒரு படமும் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வடமராட்சியில் சிற்றலை வானொலி கேட்டு வளர்ந்தவர். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே படித்து, ஹாம் வானொலிக்கான (பொழுதுபோக்காகச் சொந்தக் கருவியில் பேசும் வானொலி) அடிப்படைப் பரீட்சையில் 80 சதவீதத்துக்கு மேல் எடுத்துத் தேறினார். அந்தப் புள்ளி இருந்தால் 30 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே, கண்டம் கடந்து பேசும் அலைவரிசைகளில் இயங்கலாம். 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அழைப்புக் குறிகளைத் தன் பின்வளவிலிருந்து பிடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வயது போய் ஹாமைக் கைவிட்ட ஒருவரிடமிருந்து பழைய அலுமினியக் கோபுரம் ஒன்றை வாங்கினார். எட்டு அடித் துண்டுகள் ஆறு. அத்திவாரத்துக்கு நான்கு அடி ஆழத்தில் குழியும் வெட்டிவிட்டார். கொங்கிறீற் இன்னும் ஊற்றவில்லை.

குழியைக் கண்டதும் இரண்டு வீடு தள்ளியிருக்கும் அயலவர் ஒருவர் தெருவெல்லாம் நடந்து 23 கையொப்பங்கள் சேர்த்துவிட்டார். வீட்டு விலை விழும், கதிர்வீச்சால் பிள்ளைகளுக்கு நோய் வரும், தொலைக்காட்சி வேலை செய்யாது, புயலில் விழுந்தால் யார் பொறுப்பு என்பவை அவர்களின் முறைப்பாடுகள். நகரசபை அதிகாரி ஒருவரும் வந்து, பின்வளவில் 4 மீட்டருக்கு மேல் எதுவும் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வாசகர் கேட்கிறார்: “15 மீட்டருக்குக் கீழே என்றால் யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்று சக ஹாம்கள் எல்லோரும் சொல்கிறார்கள். 48 அடி 14.63 மீட்டர்தானே? சரியாக வராவிட்டால் அடியைச் சுற்றி இரண்டு அடிக்கு மண் நிரவிவிடலாமா? அயலவர் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் கட்டலாம் என்கிறாள் மனைவி. எங்கள் இருவரில் யார் சரி?”

ஐயா, இருவருமே சரியில்லை. ஆனால் கொங்கிறீற் ஊற்றுவதற்கு முன் எழுதினீர்களே, அது பெரிய விஷயம். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் ஊற்றிய பிறகுதான் வருவார்கள்.

உயரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது

கனடாவில் அன்ரனா வைப்பதற்கான விதிகள் சிபிசி-2-0-03 என்ற சுற்றுநிருபத்தில் இருக்கின்றன. புத்தாக்கம், விஞ்ஞானம், பொருளாதார அபிவிருத்தி என்று நீண்ட பெயர் கொண்ட மத்திய அமைச்சு வெளியிடுவது. கைத்தொலைபேசி நிறுவனம் முதல் உங்களைப் போன்ற ஹாம் வரை எல்லோருக்கும் அது பொருந்தும். 15 மீட்டருக்குக் குறைந்த புதிய அன்ரனா அமைப்புகளுக்கு நகரசபையுடனோ அயலவருடனோ கலந்தாலோசிக்கத் தேவையில்லை என்ற விலக்கு அதில் உண்மையாகவே இருக்கிறது. உங்கள் நண்பர்கள் அந்த வரி வரைக்கும் படித்திருக்கிறார்கள். உயரத்தை அளக்கும் முறை அடிக்குறிப்பில் இருக்கிறது. அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்!

அடித்தளம் உட்பட, கோபுரத்தின் அடியில் நிலம் எங்கே மிகத் தாழ்வாக இருக்கிறதோ அங்கிருந்து அமைப்பின் உச்சி வரை அளக்க வேண்டும். உச்சி என்பது கோபுரத்தின் கடைசித் துண்டு அல்ல. அதற்கு மேலே நிற்கும் அன்ரனா, இடிதாங்கி, விளக்கு எதுவானாலும் அதன் நுனிதான் உச்சி. உங்கள் படத்தின்படி கொங்கிறீற் நிலத்துக்கு மேலே ஆறு அங்குலம் நிற்கும். கோபுரம் 48 அடி. அதன் தலையிலிருந்து நான்கு அடிக் குழாய் வெளியே வரும். அதில்தான் சுழலும் அன்ரனா. குழாயின் நுனியில் உள்ளூரில் பேசுவதற்கு ஆறு அடி உயர வெள்ளைத் தடி அன்ரனா. எல்லாவற்றையும் கூட்டினால் 58 அடி 6 அங்குலம், அதாவது 17.83 மீட்டர். விலக்கு உங்களுக்கு இல்லை.

மண் நிரவும் யோசனை உங்களுக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது போலும். மண்ணோ கல்லோ கொட்டி உயரத்தைச் செயற்கையாகக் குறைத்தால் அது கணக்கில் சேராது என்று அதே அடிக்குறிப்பு சொல்கிறது.

அயலவர்களுக்கு 15 மீட்டர் என்ற எண்ணின் மேலேயே கோபம் இருக்கக்கூடும். 2014 வரை இந்த விலக்கு தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் இருந்தது. விளைவாக, 14.9 மீட்டர்க் கோபுரங்கள் யாருக்கும் சொல்லாமல் குடியிருப்புகளுக்கு நடுவே முளைத்தன. மக்கள் கொதித்தெழுந்த பிறகு அந்த ஆண்டு விதியை மாற்றி, தொலைத்தொடர்பு நிறுவனங்கள், ஒலிபரப்பு நிறுவனங்கள், கோபுரம் கட்டி வாடகைக்கு விடுபவர்கள் ஆகியோரிடமிருந்து விலக்கைப் பறித்தார்கள். ஹாம்களுக்கு அது இன்னும் இருக்கிறது. ஆனால் ஒரு ‘கோபுரம்’ எழப்போகிறது என்று கேள்விப்படும் அயலவருக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்? (நம்மவர் தெருவில் இந்தச் சொல்லைச் சொன்னால் சிலர் திருவிழா எப்போது என்று கேட்பார்கள். கடிதம் எழுதும்போது ‘அன்ரனாக் கம்பம்’ என்று எழுதுங்கள்.)

நகரசபை அதிகாரி சொன்னது

4 மீட்டர் என்பது தோட்டக் கொட்டகை, கார்க் கொட்டகை போன்ற துணைக் கட்டடங்களுக்கான நகரத் திட்ட விதியாக இருக்க வேண்டும். வானொலித் தொடர்பு கனடாவில் மத்திய அரசின் அதிகாரம். அன்ரனா எங்கே நிற்கலாம் என்று அங்கீகரிப்பது வானொலித் தொடர்புச் சட்டத்தின்படி அமைச்சர். கியூபெக்கின் சாத்தோகே நகரசபை, றொஜர்ஸ் நிறுவனத்தின் கோபுரத்தைத் தடுப்பதற்காகக் காணியையே ஒதுக்கி அறிவித்தல் கொடுத்தபோது, அது நகரசபையின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கொட்டகை விதியைக் காட்டி உங்கள் அன்ரனாவைத் தடை செய்ய முடியாது.

இதை வாசித்துவிட்டு அந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்தபடி நகரசபை வாசலுக்குப் போய்விடாதீர்கள். அதே சுற்றுநிருபம், விலக்கு இல்லாதவர்கள் நகரசபையோடு கலந்தாலோசித்தே ஆக வேண்டும் என்கிறது. நகரசபைக்குத் தனியான அன்ரனா நடைமுறை இருந்தால் அதைப் பின்பற்ற வேண்டும். இல்லாவிட்டால் அமைச்சின் பொது நடைமுறை. சில நகரங்கள் ஹாம்களுக்குக் கூடுதல் விலக்குகளும் வைத்திருக்கின்றன. எனவே விதி அமுலாக்கப் பிரிவோடு வாதாடாமல், திட்டமிடல் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, “ஹாம் அன்ரனாவுக்கு உங்களிடம் நடைமுறை இருக்கிறதா?” என்று கேளுங்கள். அதிகாரி வாயால் சொன்னதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் கட்டளை வந்தால் அதில் ஒரு காலக்கெடு இருக்கும். அதைக் கடக்க விடாமல் உடனே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

அந்த 23 கையொப்பங்கள்

இப்போது உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். அயலவரின் சம்மதம் தேவையில்லை. அவர்களுக்குச் சொல்வதும், அவர்கள் கேட்பதற்கு எழுத்தில் பதில் தருவதும் தேவை. கலந்தாலோசனை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்கள் வாக்கெடுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் தெருவில் கையொப்பம் சேர்த்தவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். 23 என்ற எண்ணுக்குச் சட்டத்தில் தனி எடை கிடையாது. அந்த 23 பேர் என்ன கேட்கிறார்கள் என்பதற்கு எடை உண்டு.

பொது நடைமுறையின்படி, உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆரமுள்ள வட்டத்துக்குள் இருக்கும் எல்லோருக்கும் தபாலிலோ கையிலோ அறிவித்தல் கொடுக்க வேண்டும். உங்கள் கணக்கில் அது 53.5 மீட்டர். கோபுரத்தை நிலத்தோடு இழுத்துப் பிடிக்கும் இழுவைக் கம்பிகள் நீங்கள் கட்டவில்லை. கட்டியிருந்தால் கடைசிக் கம்பி ஊன்றும் இடத்திலிருந்து அளக்க வேண்டியிருந்திருக்கும். உங்கள் தெருவில் காணி முகப்பு 40 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பின்தெருவையும் எதிர்வரிசையையும் சேர்த்து ஏறக்குறைய இருபது வீடுகள். உறையின் முகப்பிலேயே, பெறுபவர் அறிவித்தல் எல்லைக்குள் இருக்கிறார் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். விளம்பரத் தாள் என்று யாரும் குப்பைக்குள் போட்டுவிடக் கூடாது. உள்ளே நோக்கம், இடம், உயரம், அன்ரனாவின் விபரம், கட்டிய பின் எப்படித் தெரியும் என்பதற்கான படம், பிள்ளைகள் ஏறாமல் என்ன தடுப்பு, பாதுகாப்பு உறுதிமொழிகள், உங்களையும் நகரசபையையும் அமைச்சின் அலுவலகத்தையும் தொடர்பு கொள்ளும் வழி, கருத்து அனுப்பக் குறைந்தது 30 நாள் அவகாசம். நகரசபைக்கும் அமைச்சுக்கும் ஒவ்வொரு பிரதி. பத்திரிகை அறிவித்தல் 30 மீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குத்தான்.

ஒருவர் எழுதினால் 14 நாளுக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும். 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலுக்கு மறுமொழி எழுத அவருக்கு 21 நாள் இருக்கிறது என்பதையும் பதிலிலேயே குறிப்பிட வேண்டும். ஒரு கொப்பியில் திகதிகளை எழுதி வையுங்கள். பிறகு தகராறு வந்தால் அமைச்சு கேட்கப்போவது அந்தக் கொப்பியைத்தான்.

உங்கள் அயலவரின் நான்கு முறைப்பாடுகளும் ஒரே தரமானவை அல்ல. வீட்டு விலையைச் சுற்றுநிருபம் வெளிப்படையாகவே பொருத்தமற்ற விடயம் என்று ஒதுக்குகிறது. அதற்காகப் பதில் போடாமல் இருக்க முடியாது. ஏன் பொருத்தமில்லை என்று மரியாதையாக இரண்டு வரி எழுத வேண்டும். கதிர்வீச்சைப் பற்றிக் கேட்டால் “ஆபத்தில்லை” என்று சொல்லிவிட்டுப் போக வேண்டாம். மத்திய சுகாதார அமைச்சின் பாதுகாப்பு விதிக்கோவை 6 பொதுமக்களுக்கான எல்லைகளை வகுத்திருக்கிறது. உங்கள் 100 வாட் கருவி, அன்ரனாவின் பெருக்கம் (அலையை ஒரு திசையில் குவிக்கும் அளவு), வேலி வரையுள்ள தூரம் ஆகியவற்றைப் போட்டுக் கணித்த தாளை இணையுங்கள். விலக்கு கிடைக்கும் சிறிய அன்ரனாவுக்கும் இந்தக் கடமை உண்டு. நண்பர்கள் சொல்ல மறந்த இன்னொன்று இது. தொலைக்காட்சி இடையூறு பற்றிய கேள்விக்கு, இடையூறு வந்தால் யாரை அழைப்பது, நீங்கள் என்ன பரிசோதிப்பீர்கள் என்று எழுதினாலே பாதி அச்சம் தணியும். விழுந்தால் யார் பொறுப்பு என்பது நியாயமான கேள்வி. உங்கள் கோபுரம் பழையது, ஒருவர் கழற்றி விற்றது. ஒவ்வொரு துண்டின் மூட்டிலும் வெடிப்பு இருக்கிறதா என்று தெரிந்தவர் பார்க்க வேண்டும். அந்த அன்ரனாவின் காற்றுச் சுமையைத் தாங்குமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். வீட்டுக் காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இணக்கம் வராவிட்டால்? நகரசபை மறுப்புக் கடிதம் தந்தாலும் கதை அங்கே முடிவதில்லை. அமைச்சைத் தலையிடக் கேட்கலாம். அமைச்சே முடிவெடுக்கும், அல்லது இரு தரப்பையும் பேசித் தீர்க்கச் சொல்லும். அதுவும் சரிவராவிட்டால் இறுதி முடிவு அமைச்சுடையது. நகரசபையுடன் முறைப்படி தொடங்கிய நாளிலிருந்து 120 நாளில் எல்லாம் முடிய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. முடிந்தபின் மூன்று ஆண்டுக்குள் கட்டிவிட வேண்டும்.

சுற்றுநிருபத்தில் இல்லாத ஒரு சிக்கல்

உங்கள் படத்தை மேசையில் விரித்து அளவுகோல் வைத்துப் பார்த்தபோது, நீங்கள் கேட்காத ஒன்று கண்ணில் பட்டது. மேற்கு வேலியிலிருந்து குழி 4 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அன்ரனா சுழலும்போது அதன் கைநுனி 5 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடும் என்று நீங்களே ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். அப்படியானால் ஒவ்வொரு சுற்றிலும் அது அடுத்த வளவுக்கு மேலே ஒரு மீட்டர் போய் வரும். அமைச்சு முழு அனுமதி தந்தாலும் அயலவரின் காணிக்கு மேலே நீட்டுவதற்கான அனுமதி அதில் அடங்காது. அவர் அத்துமீறல் என்று வழக்குப் போட்டால் உங்களுக்காக நான் வாதாடச் சிரமப்படுவேன். குழியை ஒன்றரை மீட்டராவது உள்ளே நகர்த்துங்கள்.

இதே காரணத்துக்காகக் காணிப் பதிவிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். சில குடியிருப்புத் திட்டங்களில் வெளியே அன்ரனா வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை முதலில் கட்டி விற்றவர்கள் பதிந்திருப்பார்கள். அது தனியார் உடன்படிக்கை. மத்திய சுற்றுநிருபம் அதை அழித்துவிடாது. நீங்கள் கொண்டோ அடுக்குமாடியில் இருந்திருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

உங்கள் முன் இருக்கும் வழிகள்

ஒரு துண்டைக் கழற்றிவிடுங்கள். ஐந்து துண்டு 40 அடி. ஆறு அங்குல அடித்தளம், நான்கு அடிக் குழாய் சேர்த்தால் 13.56 மீட்டர். விலக்கு கிடைக்கும். ஆனால் அந்த வெள்ளைத் தடியை மேலே வைத்தால் 15.39 ஆகிவிடும். தடியை வீட்டுக் கூரை விளிம்புக்கு மாற்றுங்கள். உள்ளூர் பேச்சுக்கு அது தாராளமாகப் போதும். என் தெரிவு இதுதான். எட்டு அடி குறைவதால் யாழ்ப்பாணம் கேட்காமல் போய்விடாது என்று என்னிலும் உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

முழு உயரமும்தான் வேண்டுமென்றால் மேலே சொன்ன நடைமுறை முழுவதையும் செய்யுங்கள். நான்கு மாதப் பொறுமையும் தபால் செலவும் தேவைப்படும். றேடியோ அமெச்சூர்ஸ் ஒஃப் கனடா என்ற தேசிய அமைப்பு இந்த விடயத்தில் ஹாம்களுக்கு வழிகாட்டுகிறது, அதையும் அணுகுங்கள்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே நிற்கும் அமைப்பின் உயரத்தை, முதலில் கட்டிய உயரத்தின் 25 சதவீதம் வரை கலந்தாலோசனை இல்லாமல் கூட்டலாம். கட்டி முடித்து ஓராண்டுக்குள் கூட்டக் கூடாது, அவ்வளவுதான். 13.56 மீட்டர் கட்டி, அடுத்த ஆண்டு ஏறக்குறைய 17 மீட்டராக்கலாம். காகிதத்தில் இது சரி. ஆனால் விலக்குகளை இடத்தின் நிலைமை பார்த்தே பயன்படுத்த வேண்டும், விலக்கு இருந்தாலும் அயலவரோடு பேசுவது நல்லது என்று அதே சுற்றுநிருபம் சொல்கிறது. 23 பேர் ஏற்கெனவே கையொப்பமிட்ட தெருவில் ஓராண்டு கழித்து ஏணியோடு நீங்கள் ஏறுவதைப் பார்த்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? ஹாம் தொழில்நுட்பம் மாறினாலும் அயலவர் மாறமாட்டார்.

எந்த வழியைத் தெரிவு செய்தாலும், கையொப்பம் சேர்த்த அந்த அயலவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். சட்டப் புத்தகம் கொண்டு போகாதீர்கள். அவருடைய சமையலறை ஜன்னலிலிருந்து உங்கள் வளவைப் படம் எடுத்து, அதில் கம்பத்தை வரைந்து காட்டுங்கள். அவருடைய கற்பனையில் நிற்பது நெடுஞ்சாலையோரக் கைத்தொலைபேசிக் கோபுரமாக இருக்கலாம்.

கடைசியாக அந்தக் குழி. வெட்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் சேவையை அழைத்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. நிலத்தடியில் எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று இலவசமாகக் குறித்துத் தருவார்கள். தோண்டுமுன் அழைப்பது மாகாணச் சட்டம். புதிய குழிக்கு மண்வெட்டியை எடுக்குமுன் அழையுங்கள். பழைய குழியை இன்றைக்கே மூடுங்கள். கொங்கிறீற்றால் அல்ல, தடித்த பலகையால். பக்கத்து வீட்டுப் பேரப்பிள்ளைகள் உங்கள் வளவில் பந்து எடுக்க வருவார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.